பன்னிரண்டு வெங்காயம்

இன்று காலை தபாலில் ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாதம் நான் ஜூரியில் ஒருத்தியாக நீதிமன்றத்துக்கு வரவேண்டுமாம். வாசித்துவிட்டு நேரே குசினிக்குப் போய் வெங்காயப் பையைத் திறந்து பார்த்தேன். ஏனென்று உனக்கு மட்டும்தான் தெரியும். நீயோ போன மார்கழியில் கண்ணை மூடிவிட்டாய்.

தொண்ணூறுகளில், லண்டன் இல்ஃபோர்டில், ஒரே அறையில் சிநேகிதிகள் நீயும் நானும். உனக்கு விசா கிடைத்திருந்தது. என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். அப்பீலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ சும்மா இருப்பாயா? ஞாயிறு மத்தியானங்களில் தொலைக்காட்சியில் போன அமெரிக்க வழக்கு நாடகங்களைப் பார்த்துப் பார்த்து, நீதிமன்றம் முழுவதையும் எங்கள் குசினி மேசையில் வைத்தாய். ரைஸ் குக்கர்தான் ஜட்ஜ். குற்றம் சாட்டுகிற பிராசிக்கியூட்டர் மிளகாய்த்தூள் போத்தல். எனக்காக வாதாடும் அப்புக்காத்து சீனிப் பேணி. மேசை விளிம்பில் வரிசையாகப் பன்னிரண்டு வெங்காயம், ஜூரி.

"ஜட்ஜைப் பாக்காதை. தீர்ப்புச் சொல்லுறது இவையள்தான். ஒவ்வொரு முகமாப் பாத்துச் சொல்லு."

"வெங்காயத்துக்கு முகம் எங்கையடி?"

"சிரிக்காதை விசரி. திருப்பி முதலிலை இருந்து சொல்லு."

ஊரில் இராணுவம் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன கதையை அந்த வெங்காயங்களுக்குத்தான் முதன்முதலில் முழுதாகச் சொன்னேன். முடித்தபோது நீ மூக்கை உறிஞ்சி, வெங்காயம் கண்ணைக் கரிக்குது என்றாய். ஒன்றைக்கூட உரிக்கவில்லையே, கள்ளி!

வழக்கு நாள் போய்ப் பார்த்தால், சின்ன அறை. அங்கி இல்லை, சுத்தியல் இல்லை. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரே ஒரு மனிதர். ஜூரி நாற்காலிகளைத் தேடினேன். அகதி வழக்குக்கு ஜூரியே கிடையாது என்பது நம் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் கேட்கிறார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்கிறார், எனக்கு வாயே திறக்கவில்லை. பின்வரிசையில் இருந்த உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ மெல்லத் தலையாட்டினாய். உன் முகத்தைப் பார்த்தபடியே தம்பியின் கதை முழுவதையும் சொன்னேன். அந்த மனிதர் தடுக்கவில்லை.

சில வாரம் கழித்து, இங்கேயே இருக்கலாம் என்று கடிதம் வந்தது. "பன்னிரண்டு பேரும் ஓமெண்டு சொல்லிப்போட்டினம்!" என்று கத்திக்கொண்டு, பன்னிரண்டு வெங்காயம் எண்ணியெடுத்துக் குழம்பு வைத்தாய். உப்பு கூடிப்போனது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தின்றோம்.

"இந்த வயசிலை உங்களுக்கு ஏலாதெண்டு எழுதிக் குடுங்கோ அம்மா" என்கிறாள் மகள். ஏலும். அடுத்த மாதம் யாரோ ஒருவர் வாய் திறக்க முடியாமல் கூண்டில் நிற்பார். எங்கள் வரிசையில் ஒரு முகத்தைத் தேடுவார். நான் மெல்லத் தலையாட்டுவேன்.