கண்டிக்கோட்டாவுக்கு லோடு கிடைக்கும் வரை

ஆடி 2, வெள்ளி

காலையிலிருந்து காற்று. ஸ்டுடியோ ஷட்டரைத் திறந்ததும் சங்ககிரி ரோட்டுப் புழுதி மொத்தமும் உள்ளே. துடைத்தேன், மறுபடி படிந்தது, விட்டுவிட்டேன். ஆவணி வரை முகூர்த்தம் இல்லை. ஆனியில் மட்டும் பதினொரு கல்யாணம் எடுத்திருக்கிறேன். தோள்பட்டை கழன்று தனியாகத் தொங்குகிற மாதிரி வலி.

இந்த ஆடியில் கண்டிக்கோட்டா. முடிவு. மூன்று வருடமாக 'அடுத்த ஆடி' என்று சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. கடப்பாவுக்கு அந்தப் பக்கம், பாலைவனம் மாதிரி காய்ந்த பூமியில் பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு போகிற இடம். போனில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், அதலபாதாளத்தில் ஆறு. மனிதர்களே இல்லை. 'கொஞ்சம் சிரிங்க' என்று யாரையும் கெஞ்ச வேண்டாம். பாறை கண்ணை மூடாது, சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாது.

எடுத்துப்போக:
வைடு லென்ஸ் (பூஞ்சை பிடித்திருக்கிறதா பார்க்க)
ட்ரைபாட். ஒரு கால் நிற்காது, கட்டக் கயிறு
பேட்டரி 4
தண்ணீர், தொப்பி
கண் மருந்து

கண் விஷயம் இதுவரை இதில்கூட எழுதவில்லை. எழுதிவிடுகிறேன். ஆனியில் கண்ணாடி மாற்றலாம் என்று சேலம் போனேன். ஒரு பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வலது கண்ணுக்கு வெகுநேரம் புள்ளியே வரவில்லை. மிஷின் ரிப்பேர் என்று நினைத்தேன். ரிப்பேர் நான்தான். கண்ணில் அழுத்தம், வலது கண்ணுக்கு மூக்குப் பக்கத்துப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டரம்மா. போனது வராது, மருந்து விட்டால் மிச்சம் நிற்கலாம். இடது கண் இப்போதைக்குப் பரவாயில்லை.

இரண்டு கண்ணும் திறந்திருந்தால் குறையே தெரியவில்லை. இடது கண் ஈடுகட்டிவிடுகிறது. சுமதியிடம் தூசிக்கு மருந்து என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி பத்தொன்பது வருடத்தில் அவளிடம் சொன்ன பெரிய பொய். அகலமான ஒன்றை, அகலம் தெரிகிறபோதே பார்த்துவிட வேண்டும். பயமாக இருக்கிறது.

ஆடி 3, சனி

மேகம், மழை இல்லை. லாரி ஸ்டாண்டில் முத்துவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், சொந்த வண்டி, அவனே ஓட்டுகிறான். சேலத்திலிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு ஆந்திரா போவான், திரும்பும்போது கடப்பா கல். அவனோடு போய் வழியில் இறங்கிக்கொள்வதாகத் திட்டம்.

வியாழன் அமாவாசை. நிலா இருக்காது, பள்ளத்தாக்குக்கு மேலே நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். அன்றைக்கு அங்கே இருக்கிற மாதிரிப் போகலாம் என்றேன். வாயில் இருந்த டீயைத் துப்பிவிட்டான்.

"அமாவாச அன்னிக்கி வண்டி ரோட்டுல நின்னா எங்கூட்டுல சோறு போடுவாளாடா? வண்டிக்குப் பூச. பூசணிக்கா சுத்தோணும். அதுவும் ஆடி அமாவாச! எந்த ஊருல இருக்கற நீயி?"

பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். அமாவாசைக்கு அமாவாசை அவன் வண்டியைப் படம் எடுத்துக் கொடுப்பதே நான்தான். எப்படி மறந்தேன்? நட்சத்திரம் போச்சு. லோடு கிடைக்கிற அன்றைக்குத்தான் பயணம்.

ஆடி 5, திங்கள்

வெயில். மதியம் எருமப்பட்டியிலிருந்து ஒரு அம்மா. ஆனியில் நான் எடுத்த கல்யாணத்து மாப்பிள்ளையின் அக்கா. ஆல்பத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, மாப்பிள்ளையோடு அக்கா நிற்கிற இணைச்சீர்ப் பக்கத்தைத் திருப்பினார். மாப்பிள்ளை இருக்கிறான், சீர் செய்கிற அருமைக்காரர் இருக்கிறார். படத்தின் இடது ஓரத்தில் பட்டுச்சேலை நாலு விரல் அகலம். அவ்வளவுதான் அக்கா.

"தம்பிக்கு ஒரே அக்கா நானு. கண்ணாலத்துல எனக்குன்னு இருக்கறது அந்தச் சீரு ஒண்ணுதானுங்கண்ணா. அதுல நானே இல்லீங்க."

சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அழுதார். கூட்டம், இடித்துவிட்டார்கள் என்று ஏதோ உளறினேன். ஆல்பம் வேலை முழுக்க சுமதிதான், கம்ப்யூட்டரில் வீடியோவைத் தேடிப் பார்த்தாள். வீடியோக்காரனுக்கும் அருமைக்காரர் முதுகுதான் கிடைத்திருக்கிறது. சு. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு வந்தாள். வந்ததும் மறுபடி மானிட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு கண்ணும் திறந்து நடமாடுகிறவனுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கேமராவில் வலது கண்ணை மட்டும்தான் வைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக. மூக்குப் பக்கம், அதாவது இடப்பக்கம், அதற்கு இல்லை. இல்லை என்பதுகூட அதற்குத் தெரிவதில்லை. இது இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

ஆடி 6, செவ்வாய்

வைடு லென்ஸில் பூஞ்சை இல்லை. மருந்து விட்டேன். வேறு எதுவும் செய்யவில்லை. செய்யப் பிடிக்கவில்லை.

ஆடி 8, வியாழன், அமாவாசை

காலையில் முத்து வீட்டில் பூசை. வண்டி குளித்து மாலை போட்டு மாப்பிள்ளை மாதிரி நின்றது. பொரி ஒரு கை.

"லோடு சொல்லிட்டாங்கடா. ஞாயித்துக்கெழம வெடியக்கால நாலு மணி. வாரியா, இல்ல அடுத்த ஆடியா?"

வருகிறேன் என்றேன். ஸ்டுடியோவுக்கு வந்து சுமதியிடம் சொன்னேன். மானிட்டரை என் பக்கம் திருப்பினாள். ஒரு ஃபோல்டர். பெயர், 'எடது'. தையில் எடுத்தது, மாசி, வைகாசி, ஆனி. ஒன்றில் பெண்ணுக்கு அம்மா பாதி, ஒன்றில் தாய்மாமனுக்குக் கை மட்டும். எல்லாவற்றிலும் வெட்டுப்பட்டது ஒரே பக்கம்.

"மொதல்ல அசதின்னு நெனச்சேனுங்க. வீடியோவுல இருந்து எடுத்து ஒட்டி ஒட்டிக் குடுத்தேன். எருமப்பட்டி அக்காவுதுக்குத்தான் ஒட்டறதுக்கே ஒண்ணும் இல்ல."

"மருந்து…" என்று ஆரம்பித்தேன்.

"மருந்துப் பேர அன்னிக்கே போன்ல போட்டுப் பாத்துட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க."

கோபம் வந்தது. தெரிந்தே ஏன் கேட்கவில்லை என்று கத்தினேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கத்தவில்லை.

"கேட்டா கேமராவக் கீழ வெச்சுருவீங்க. அதான் கேக்கல. ஆனா இனி ஒருத்தரு வந்து அப்படி அழுகக் கூடாதுங்க. எடது கண்ண வெச்சு எடுக்கப் பழகுங்க. கல்யாணத்துல பழக முடியாது. பாறை எங்கயும் ஓடாது, அங்க போயிப் பழகுங்க. ஆவணிக்குள்ள பழக்கம் வரலைன்னா கல்யாணத்த நான் எடுக்கறேன்."

பொய் சொன்னது நான், கத்தினதும் நான். ஆறு மாதமாக என் ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். வெட்கம்.

ஆடி 10, சனி

மொட்டை மாடியிலிருந்து எங்கள் ஊர் மலைக்கோட்டையை இடது கண்ணால் எடுத்துப் பார்த்தேன். மூக்கு திரையில் இடிக்கிறது. மலை சாய்கிறது. அனிச்சையாக வலது கண் போய் ஒட்டிக்கொள்கிறது. முப்பது படம், தேறியது இரண்டு. நாற்பத்தேழு வயதில் அ, ஆ. உடம்பெல்லாம் அலுப்பு.

சு. தானும் வருகிறாளாம். போனில் முத்து, "கேபின்ல சூடுங்க தங்கச்சி, கஷ்டப்படுவீங்க."

"அத்தன டன்னு கல்லு ஏத்தறீங்க, நான் ஒருத்தி பாரமாங்கண்ணா?"

சரிங்க தங்கச்சி என்று போனை வைத்துவிட்டான். புளிசாதம் கட்டுகிறாள். நான் லென்ஸ் துடைத்தேன்.

ஆடி 11, ஞாயிறு

காலை ஆறரை. தொப்பூர் ஏற்றம் தாண்டி ஒரு டீக்கடை. ஊதல் காற்று. முத்து வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு டயர் தட்டிப் பார்க்கிறான். எனக்கு எதிர் பெஞ்சில் சு.

"எவ்வளவு தெரியுதுன்னு இப்பச் சொல்லுங்க," என்றாள். யாரும் இதைக் கேட்டதில்லை. டாக்டர்கூட மிஷினைத்தான் கேட்டார்.

இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். அவள் மூக்குத்தியை மட்டும் பார்த்தேன்.

"மொகம் தெரியுது. எனக்கு எடப்பக்கத்துத் தோள் இல்ல."

"எனக்குப் பின்னால என்ன இருக்குதுங்க?"

"மேகம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து மூடியிருந்த கையை எடுத்துவிட்டாள். அந்தத் தோளுக்குப் பின்னால் முத்துவின் லாரி நின்றது. பதினாலு சக்கரம், தார்ப்பாய் போட்ட ஜவ்வரிசி மூட்டை, அமாவாசை மாலையோடு முழு லாரி.

அப்போதுதான் அழுகை வந்தது. அவளுக்கு இல்லை, எனக்கு. டீக்கடைக்காரர் தூசி விழுந்ததாக நினைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். சு. வாங்கி என் முகத்தைக் கழுவிவிட்டாள்.

முத்து ஹாரன் அடிக்கிறான். இன்னும் பாதி வழிகூட ஆகவில்லை. சு. என் இடது பக்கமாக வந்து நடக்கிறாள்.