பச்சை பனியன் வேஸ்ட்

கார்த்திகை 8, ஞாயிறு இரவு

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் போய்ப் பழுது பார்த்த அருங்காட்சியகத்து நீராவி இன்ஜினை இன்று முதல்முறையாக ஓட்டினோம். அரை மணி நேரம் ஓடுவதற்குள் ஒரு சக்கரத்தின் பேரிங் புகைந்து உருகிவிட்டது. அச்சும் கெட்டுவிட்டது. இனி அது ஓடாது.

அந்த பேரிங்கைச் செய்தது மண்ணரையில் லேத் பட்டறை வைத்திருக்கும் பொன்னுசாமி அண்ணன். "எண்ணெய் ஊத்துனது நாந்தானுங்க. இறங்குதான்னு பாக்காம உட்டுட்டனுங்க" என்று எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றார்.

பிறகு அந்த பேரிங்குக்கு எண்ணெய் இறங்கும் குழாயைக் கழற்றிப் பார்த்தவன் நான். உள்ளே பச்சை பனியன் வேஸ்ட், பனியன் தைத்து மிஞ்சும் கழிவுத் துணி, அடைத்திருந்தது. மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க, நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுபோய் நானே திணித்தது. எடுக்க மறந்துவிட்டேன். யாரும் பார்க்கும் முன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

கிளம்பும்போது அண்ணன் இன்ஜின் நிற்கும் ஷெட்டின் சாவியை என்னிடம் கொடுத்தார். "இனி நான் வரலீங்க. பொறுப்பான ஆளு கையில இருக்கட்டுமுங்க."

சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி, "ஏனுங்க, பாக்கெட்டுல சாவியோட என்னங்க இந்த எண்ணெய்த் துணி?" என்று கேட்டாள்.

கை துடைத்தது என்றேன்.