ஹால் மூடியிருந்த மாதங்கள்

திங்கள், 7
காலையிலிருந்து மழை. டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் முழங்கால் தண்ணீர். ஹால் ஆபீஸுக்குப் போனதும் செயலாளர் மித்ரா-தா (இங்கே வங்காளத்தில் அண்ணனுக்கு 'தா', அக்காவுக்கு 'தீதி') கூப்பிட்டார். ஹாலின் பொன்விழா மலருக்கு நான்கு பக்கம் வரலாறு வேண்டுமாம். "உங்களைவிடப் பழைய ஆள் இங்க யாரு, தீதி?" முன்பதிவு எழுதுகிறவளிடம் வரலாறு! சரி என்றேன். கொஞ்சம் பெருமைதான்.

செவ்வாய், 8
பழைய பதிவேடுகள். ஓயாத தும்மல். இதுவரை நடந்தவை: நாடகம், கல்யாணம், ரத்த தானம், யூனியன் மாநாடு, நம்மவர்கள் பொங்கல் விழா, இரங்கல் கூட்டம், ஒரு தடவை நாய்க் கண்காட்சி (ஒன்று மேடைத் திரையைக் கடித்துக் கிழித்தது). எழுத எழுதச் சிரிப்பு.

பிறகு கொரோனா வருடம். நாற்காலிகளைக் கழற்றிவிட்டு நோயாளிகளுக்குக் கட்டில் போட்டார்கள். என் மகள் மாலினியின் அப்பாவும் அங்கேதான். என்னை உள்ளே விடவில்லை. எதிர் நடைபாதையில் ரசம் சாதத்தோடு நின்றேன். போனில் அவர்: "உன் ஹாலுக்கு முதல் தடவையா டிக்கெட் இல்லாம வந்திருக்கேன், ஜெயா." நான்காம் நாள் மூச்சு முட்டல். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

அதையும் எழுதினேன். பெயர் போடவில்லை. 'இங்கே சிலர் இறந்தார்கள்.' ஒரே வரி.

புதன், 9
மித்ரா-தா படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "தீதி, இது விழா மலர். கல்யாணத்துக்கு ஹால் பாக்க வர்றவங்க படிப்பாங்க." நல்ல மனிதர். அன்று ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுப் போட்டு அழுதவர் அவர்தான். "'அந்த மாதங்கள்ல ஹால் மூடியிருந்தது'ன்னு போட்டுடலாமா?" பேனாவை நீட்டினார்.

அந்த வரியை நானே அடித்து, அவர் சொன்னதை எழுதினேன். என் கையால்.

வெள்ளி, 11
வாங்க: மோர் மிளகாய் (லேக் மார்க்கெட்), பி.பி. மாத்திரை, மாலினிக்கு ரெயின்கோட்.
இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அந்த வரியைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். "அச்சுக்குப் போயிடுச்சே, தீதி." என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

சனி, 19
மலர் வந்தது. வழவழப்பான தாள். கட்டுரைக்கு அடியில் என் பெயர். சாயங்காலம் மாலினி ஜாதவ்பூரில் வகுப்பு முடிந்து நேரே ஹாலுக்கு வந்தாள். நின்றபடியே படித்தாள்.

"மூடியிருந்துதா? அப்போ அப்பா எங்கம்மா இருந்தார்?"

மலரை அவள் கையிலிருந்து வாங்கி மூடினேன்.

"யாரு மாத்தினா? மித்ரா-காக்குவா?"

"இல்ல. நான்தான்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எந்த இடம்? காட்டு."

இத்தனை வருடத்தில் அவள் கேட்டதில்லை. உள்ளே கூட்டிப் போனேன். விழா ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இடது சுவரோரம், நடுக்கதவை ஒட்டி. அவர் கட்டில் இருந்ததாக மித்ரா-தா பிற்பாடு எனக்குச் சொன்ன இடம். இப்போது அங்கே இருந்த நாற்காலியில் ஒரு பெண் குனிந்து சலங்கை கட்டிக்கொண்டிருந்தாள். மாலினி அவள் பக்கத்தில் போய் நின்றாள். அந்தப் பெண் நிமிர்ந்து, "கீ தீதி, என்ன வேணும்?" என்றாள். மாலினி திரும்பி வந்தாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அவள் முன்னால் போய் நின்றுகொண்டாள்.