முதலில் உட்கார்ந்தவன்

ஜனவரி 19, சனி

இந்த நோட்டில் இன்று முதல் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அயோவா மாநிலத்தின் மொத்த மக்காச்சோளத்தின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன், நம்பவே மாட்டார்கள். எழுதுபவன் டெல்மார் வாஸ், வயது அறுபத்தொன்பது. தானியக் கிடங்கில் நாற்பது வருடம் லாரிகளை எடை போட்டவன். அங்கே ஒரு பவுண்டு பிசகியதில்லை. வாய்க்கு மட்டும்தான் தராசு இல்லை.

இன்று எங்கள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி சொந்த அரங்கில் தோற்றது. 41-க்கு 58. யாரிடம்? இந்த வருடம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத வால்கெட் கல்லூரியிடம். ஜெயித்ததும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பெண்கள் எங்களிடமே கேட்டார்கள்.

எங்கள் அணிக்குக் கொக்குகள் என்று பெயர். கொக்கு நின்றுகொண்டே இருக்கும் பிராணி. அதனால் எங்கள் அணி முதல் கூடை போடும்வரை அரங்கில் ஒருவரும் உட்காருவதில்லை. என் அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். சாதாரணமாக அரை நிமிடம் நிற்போம், ஒரு நிமிடம் நிற்போம். இன்று முதல் கூடை விழவே எட்டு நிமிடம் நாற்பது வினாடி. அதுவும் ஆட்டக் கடிகாரக் கணக்கு. விசில் ஊதி ஊதி நிறுத்தியதையெல்லாம் சேர்த்தால் ஒரு முழுப் பனிக்காலம். எனக்கு முன்வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற தாய், முதல் கூடை விழுவதற்குள் அதற்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டாள்.

ஆறாவது நிமிடத்தில் என் இடது முழங்கால் துப்பாக்கி மாதிரி வெடித்தது. வெளியே வாத்துகள் கூட்டமாகக் கிளம்பிப் பறந்தன. நான் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். எனக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்தார். பிறகு அந்த வரிசை. பிறகு ஏழாம் பகுதி முழுக்க. பிறகு ஆலங்கட்டி மழையில் பயிர் சாய்வதுபோல ஆயிரத்து இருநூறு பேரும். ஆட்டக்காரிகள் பந்தை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். பயிற்சியாளரும் பார்த்தாள்.

பயிற்சியாளர் மார்னி. என் அக்கா மகள். ஒவ்வொரு ஆட்டமும் தொடங்குவதற்கு முன் அவள் எட்டாம் வரிசையைப் பார்ப்பாள், நான் தொப்பி விளிம்பைத் தொடுவேன். மூன்று வருடமாக. அவளுடைய ஒப்பந்தத்தைக் கல்லூரி நீட்டிக்குமா இல்லையா என்பது பிப்ரவரி 19 அன்று தெரியும்.

வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரும் கதவுகளை அறைந்து சாத்தினார்கள். நானும் அறைந்தேன், கூட்டத்தோடு கூட்டமாக.

ஜனவரி 20

சர்ச்சில் பாதிரியார் எழுந்து நிற்கச் சொன்னார். முதலில் எழுந்தவன் நான், கடைசியில் உட்கார்ந்தவனும் நான். யாராவது கவனித்தார்களா?

ஜனவரி 21

பெட்ரோல் பங்க் காபி மேஜையில் மரண விசாரணை. தோல்விக்குக் காரணம் பந்து இல்லை, ஆட்டக்காரிகள் இல்லை, வழக்கத்தை முறித்த ஆள்தான் என்று ஏகமனதாகத் தீர்மானம். சரி, அந்த ஆள் யார்?

ஹார்லன், ஓய்வுபெற்ற பல் டாக்டர், இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து இருக்கை. அவன்தான் நீதிபதி. "நம்ம பகுதியிலதான் ஆரம்பிச்சுது. எவன்னு மட்டும் தெரியட்டும், மயக்க ஊசி போடாம எல்லாப் பல்லையும் புடுங்குறேன்" என்றான். அவனுக்குத் தெரியாது. நான்காவது நிமிடத்திலிருந்தே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றவன் அவன்.

எல்லோரும் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது. தொண்டையில் டோனட் அடைத்தது. அப்போது என் வாய், என்னைக் கேட்காமலே, பேசியது.

"ஏம்ப்பா, மார்னிதானே கை காட்டினா? உள்ளங்கையைக் கீழே வச்சு, இப்படி... உக்காருங்கன்னு."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் ஒருவர் சிரிப்பதை நிறுத்தினார். அப்புறம் எல்லோரும்.

வேடிக்கைக்குச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? பல்லுக்குப் பயந்தா?

ஜனவரி 23

முடிவெட்டப் போனேன். பயிற்சியாளர் *இரண்டு* கைகளையும் காட்டி உட்காரச் சொன்னாளாம். என் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு முடிவெட்டுபவர் எனக்கே சொல்கிறார். மருந்துக்கடைக்குப் போவதற்குள் இரண்டு கை விசிலாகிவிட்டது. விசில் அடித்து உட்கார வைத்தாளாம். வீடு திரும்பும்போது வானொலியில், ரசிகர்கள் போன் செய்து திட்டும் அந்த நிகழ்ச்சியில், ஒரு பெண்மணி அழாத குறை: "எங்க வழக்கத்தை மதிக்கத் தெரியாதவ எங்களுக்கு எதுக்கு?"

அறுபத்தொன்பது வருடத்தில் ஆயிரம் பொய் சொல்லியிருப்பேன். ஒன்றையாவது யாராவது நம்பியிருக்கிறார்களா? கெளுத்தி மீன் என் டிராக்டரை ஆற்றுக்குள் இழுத்துக்கொண்டு போன கதையை நம்பினார்களா? இதை மட்டும் எப்படி நம்பினார்கள்? அவள் மேல் கோபமாக இருந்தார்கள். அதுதான்.



ஜனவரி 25

அக்கா ஆர்டித் போன் செய்தாள். "டேய், எவனோ ஒரு வேலையத்தவன் என் பொண்ணு மேல கதை கட்டி விட்டிருக்கான். நீதான் ஊரெல்லாம் சுத்துறவனாச்சே, யாருன்னு கண்டுபிடி" என்றாள்.

கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 26

வெளியூர் ஆட்டம். அதுவும் தோல்வி.

ஜனவரி 28

பெட்ரோல் பங்க் கவுண்டரில், ரொட்டி சூடாக்கும் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு தாள். கல்லூரித் தலைவருக்கு மனு. ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கூடாதாம். முதல் காரணம் தோல்விகள். இரண்டாவது, தடுப்பாட்டம் சரியில்லை. மூன்றாவது, "ரசிகர்களை உட்காரச் சொல்லி அவமதித்தார்." கீழே இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துகள். என் பொய்க்கு வரிசை எண் கொடுத்திருக்கிறார்கள்.

ஹார்லன் பேனாவை நீட்டினான். உடனே பின்னால் இழுத்துக்கொண்டான். "உன்னைக் கேக்கக் கூடாது. சொந்தக்காரன்."

சொல்லிவிட்டேன். கடை நடுவில் நின்று, தொப்பியைக் கழற்றி, முழுசாகச் சொல்லிவிட்டேன். முதலில் உட்கார்ந்தவன் நான், கை காட்டியது பொய், அதைக் கட்டியவனும் நான்.

பிறகு ஹார்லனின் கண் கலங்கியது.

"பாருங்கய்யா. அக்கா பொண்ணுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கறான். நல்ல மனசுடா உனக்கு" என்றான். "ஆனா நான் உன் பக்கத்துலயே நின்னவன். நீ உக்காந்தா எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். யாரோ ஒரு டோனட் வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது காரணத்தை யாரும் அடிக்கவில்லை.

ஜனவரி 30

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது. பேசினால் வார்த்தை கீழே விழுந்து உடைகிறது. வானொலிக்குப் போன் செய்தேன். பெயர் சொன்னேன், உண்மையைச் சொன்னேன். தொகுப்பாளர், "கெளுத்தி மீன் டெல்மார்தானே?" என்றார். நான் பேசப் பேசப் பின்னணியில் தண்ணீர் தளும்பும் சத்தம் போட்டார்கள்.

பொய்யைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள், உண்மையைக் கையில் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறார்கள். என்ன செய்வது? இன்னும் இருபது நாள்.

பிப்ரவரி 3, ஞாயிறு

மார்னி வந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. அக்கா கொடுத்தனுப்பிய, பீன்ஸும் கறியும் போட்ட சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் கையில். பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. அவளும் தூங்குவதில்லை போல.

வானொலியில் கேட்டதாகச் சொன்னாள். நான் ஆரம்பித்தேன் - காபி மேஜை, டோனட், வாய். அவள் கை உயர்த்தி நிறுத்தினாள்.

"கை காட்டினேன்னு சொன்னீங்க, அதை விடுங்க மாமா. ஜெயிச்சிருந்தா அதையே புகழ்ந்திருப்பாங்க. எனக்கு வேற ஒண்ணு தெரியணும். நீங்க உக்காந்ததை நான் பாத்தேன். அந்த நேரத்துல எட்டாம் வரிசையைத்தான் பாத்துட்டிருந்தேன். முழங்காலா, நானா?"

துப்பாக்கி, வாத்து, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றன. இந்த நோட்டிலேயே எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை... எடை மேடையில் லாரி ஏறி நிற்கும்போது முள் ஆடுமே, அது நிற்கும்வரை பேசாமல் காத்திருப்போமே, அப்படிக் காத்திருந்தாள்.

"முழங்கால் இல்லம்மா" என்றேன். "இவளால முடியாதுன்னு தோணிச்சு. ஒரு நிமிஷம் தோணிச்சு. அதுக்குள்ள உக்காந்துட்டேன்."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் அந்த நிமிஷம் அப்படித்தான் தோணிச்சு" என்றாள். "ஆனா என்னால உக்கார முடியாதே."

வாசலில் பனியில் நின்று, பதினாறாம் தேதி ஆட்டத்துக்கு வரலாமா என்று கேட்டேன். சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம். "அந்த சீட் உங்களோடது, மாமா" என்றாள். அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

சில்லியை அப்படியே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

அடுப்படிக் கடிகாரத்தை வைத்து நின்று பழகுகிறேன். இன்று எட்டு நிமிடம் நாற்பது வினாடி. கடைசி இரண்டு நிமிடம் இஸ்திரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு.

பிப்ரவரி 12

ஒன்பது நிமிடம். பலகை இல்லாமல். முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டரிடம் சொன்னால் உட்காரச் சொல்வார், அதனால் சொல்லவில்லை.

பிப்ரவரி 15

கையெழுத்து முன்னூற்று நாற்பது ஆகியிருக்கிறது. நாளை அவள் மேலே பார்க்காவிட்டால்? நான் தொப்பியைத் தொட்டு, அவள் பார்க்காமல் திரும்பிவிட்டால்?

பிப்ரவரி 16, சனி

தொப்பியைத் தொட்டேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. விளையாட்டுத் துறைத் தலைவர் நேர் எதிர்ப்பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பந்து கூடைக்குள் போக மறுத்தது. வளையத்தில் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு வெளியே விழுந்தது. இரண்டு நிமிடம். மூன்று. ஆயிரத்து இருநூறு பேரும் ஏழாம் பகுதியைப் பார்க்க ஆரம்பித்தார்கள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான்காவது நிமிடத்தில் ஹார்லன் தொப்பியை முகத்துக்குக் கொண்டுபோனான். "மூடாதே. பாரு" என்றேன்.

ஐந்தாவது நிமிடம். முன்வரிசை நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். அந்த இரும்பில் என் விரல் தடம் இன்னும் நூறு வருடம் இருக்கும்.

ஐந்து நிமிடம் இருபது வினாடியில் விழுந்தது. மொத்த அரங்கும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தபோது கட்டடம் அரை அடி பூமிக்குள் இறங்கியது. 56-க்கு 51. ஜெயித்தோம்.

நடுவில் ஒன்று நடந்தது. அதை இன்று எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 18

காபி மேஜை. மனு காபிக் கெட்டிலுக்குக் கீழே கிடக்கிறது, முன்னூற்று நாற்பது கையெழுத்தின் மேல் வட்ட வட்டமாகக் கறை. அனுப்ப வேண்டியது வெள்ளிக்கிழமையே; "தபால் தலை கிடைக்கல" என்றான் ஹார்லன்.

"மூளைக்காரிப்பா அவ" என்று அவனே ஆரம்பித்தான். "வேணும்னேதான் கை காட்டினா. உக்காருன்னு சொன்னா நம்ம ஊருக்காரன் உக்காருவானா? இன்னும் நல்லா நிப்பான். அன்னிக்கு வால்கெட் ஆட்டத்துலயும் அதைத்தான் பண்ணியிருக்கா, நமக்குத்தான் புத்தி இல்ல, உக்காந்துட்டோம்."

மறுபடியும் உண்மையைச் சொன்னேன், மூன்றாவது முறையாக. எனக்குக் காபி ஊற்றினார்கள்.

பிப்ரவரி 19

அக்கா போன் செய்தாள். இரண்டு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். பேசி முடித்துவிட்டு, "அந்த வேலையத்தவனைக் கண்டுபிடிச்சியா?" என்றாள். கண்டுபிடித்துவிட்டேன், பக்கத்தில்தான் இருக்கிறான் என்றேன். "ரெண்டு அறை விடு" என்றாள். விட்டேன், போனில் கேட்கும்படியாக.

சனிக்கிழமை எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். நான்கரை நிமிடம் இருக்கும். ஆட்டம் நின்றிருந்தது. மார்னி ஆட்டக்காரிகளிடமிருந்து திரும்பி எட்டாம் வரிசையைப் பார்த்தாள். நான் நாற்காலியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். உள்ளங்கையைக் கீழே வைத்து, ஒரு கையால், மெதுவாக, உட்காருங்க என்று காட்டினாள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மாள் கத்தினாள்: "பாத்தீங்களா, உக்காரச் சொல்றா! டெல்மார் சொன்னது நெஜம்தான்!" மொத்தப் பகுதியும் தரையை மிதிக்க ஆரம்பித்தது, உட்கார மாட்டோம், உட்கார மாட்டோம் என்று. அது எதிர்ப்பக்கம்வரை பரவியது. ஊரே தனக்குத்தான் காட்டினாள் என்று நினைத்துக்கொண்டது. நான் தலையை ஆட்டி, மாட்டேன் என்றேன். அவள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

இந்த நோட்டில் துப்பாக்கி பொய், வாத்து பொய், கைக்குழந்தையின் கல்யாணம் பொய், கட்டடம் பூமிக்குள் இறங்கியதும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன்: பதினாறாம் தேதி என் முழங்கால் நிஜமாகவே வலித்தது.