முழங்காலில் விழுந்த உதை

அன்பு மகளே,

கால்நடை மருத்துவர் கைவிரித்த நம் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் நின்றுவிட்டது. நான் தொழுவத்திலேயே படுத்துக்கொண்டது வீட்டில் புழுக்கம் என்பதால்தான். உன் அம்மா சொல்வதை நம்பாதே.

எந்த மருந்துக்கும் மசியாத கிருமியைக் கொல்லும் வைரஸை, நம் தொழுவத்துச் சாக்கடைத் தண்ணீரிலிருந்தே உன் ஆய்வகத்தில் பிரித்தெடுத்து மருந்தாக அனுப்பினாயே! "தினமும் அந்தச் சாக்கடையை அள்றீங்க, அது உங்க கண்ணுல படலையா?" என்றாள் அம்மா.

"என் கண்ணு என்ன மைக்ராஸ்கோப்பாடி?" என்றேன்.

இன்று கடைசி வேளை மருந்தைப் புகட்டிவிட்டு, வாலைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தேன். நிற்கவே தெம்பில்லாமல் கிடந்த கன்று, எழுந்து என் முழங்காலில் விட்டது ஓர் உதை! பால் ஊற்றும் இடத்தில் கால்சட்டையைச் சுருட்டி எல்லோருக்கும் வீக்கத்தைக் காட்டினேன்.

"பாருங்கய்யா, என் பொண்ணோட மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு!"

களிம்பு அனுப்பிவிடாதே. வீக்கம் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

நொண்டிக்கொண்டே நெஞ்சை நிமிர்த்தி நடக்கும்,
உன் அப்பா