சலோனிக்கியில் நடந்த நாட்கள்

பிப்ரவரி 9, வெள்ளி. திரிகலா.

காலை ஏழு மணிக்குக் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, மாலை ஏழுக்கு ஒரு சொட்டு. போட்ட நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர் காலிரோய். அதற்காக வாங்கிய நோட்டு. நேரத்தை மட்டும் எழுத இவ்வளவு பக்கம் எதற்கு? மீதியையும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

கண்ணுக்குள் அழுத்தமாம். இடக்கண் நரம்பு பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டது, வலக்கண்ணிலும் ஓரம் போய்விட்டது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ஒன்றையும் விடவில்லை என்றுதான் நினைத்தேன். தாளைக் காட்டினார். இடப்பக்கம் முழுக்கக் கறுப்பு.

"இனிமே நீங்க பஸ் ஓட்டக் கூடாது, ஆர்கிரிஸ். முதலாளிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். மூன்று வாரம் ஆகிறது.

மார்ச் ஒன்றாம் தேதி சுற்றுலா சீசன் ஆரம்பம். ஐம்பது இருக்கை. பாறை உச்சி மடங்களுக்கு ஏறும் மெத்தேயோரா மலை வளைவுகள்.

மனைவி லூகியா ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். மகள் தெயானோவுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள்தான். அங்கே போன் செய்து இதைச் சொல்வதா? இங்கே இருந்தால் முதலாளி புரோத்ரோமோஸ் நாளைக்கே கூப்பிட்டு, "வந்து வண்டியைக் கொஞ்சம் ஓட்டிப் பாரு" என்பார். எங்காவது போய்விட வேண்டும்.

பிப்ரவரி 11, ஞாயிறு. தெசலோனிக்கி.

தெசலோனிக்கிக்கு, எங்கள் வாயில் சலோனிக்கிக்கு, பயணியாக பஸ்ஸில் வந்தேன். டிரைவருக்குப் பின் இருக்கை. அவன் பிரேக் போடும்போதெல்லாம் என் காலும் தரையை மிதித்தது.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊருக்குச் சுற்றுலாக் கூட்டங்களைக் கொண்டுவந்து இறக்குகிறேன். அவர்கள் பார்க்கப் போவார்கள். நான் பஸ்ஸுக்குள் தூங்குவேன், கண்ணாடி துடைப்பேன், மற்ற டிரைவர்களோடு காபி குடிப்பேன். வெள்ளைக் கோபுரத்தின் நிழல் எந்த மணிக்கு எந்த நிறுத்தத்தில் விழும் என்று தெரியும். உள்ளே போனதில்லை. இந்த ஊரையாவது பார்த்துவிட வேண்டும், இருக்கிற கண்ணோடு.

லூகியாவிடம் போனில் சொன்னேன், சலோனிக்கியைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன், நடந்தே.

"நீயா? நடந்தா? ரொட்டி வாங்கவே வண்டி எடுக்கிற ஆளு! யாரு அவ, சொல்லு பாப்போம்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். 

பிப்ரவரி 12, திங்கள்.

வெள்ளைக் கோபுரத்தில் ஏறினேன். சுற்றிச் சுற்றி ஏறும் பாதை, படிகள் சில இடத்தில்தான். உச்சியில் காற்று. வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை, பனியோடு. நன்றாகத் தெரிந்தது. தூரத்தில் இருப்பதெல்லாம் தெரிகிறதே! அப்புறம் என்ன குறை? அந்தக் கருவியில்தான் ஏதோ கோளாறு இருக்கும் என்று கூட நினைத்தேன்.

கீழே இறங்கிக் கடலோரம் நூறு அடி நடக்கவில்லை, இடது தோளில் ஒரு இடி. சைக்கிள்காரன். விழாமல் சமாளித்துக்கொண்டான்.

"கண்ணு எங்கய்யா இருக்கு? மணி அடிச்சேனே!"

மணி கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அவன் வேகமாக வந்தான். அதுதான் காரணம்.

பிப்ரவரி 13.

மழை. அறையிலேயே இருந்தேன். சைக்கிள்காரன் வேகமாக ஒன்றும் வரவில்லை.

பிப்ரவரி 14, புதன்.

காமாரா வளைவுக்கு அடியில் வழக்கம்போல ஊர்ப்பட்ட கூட்டம், யார் யாருக்காகவோ காத்துக்கொண்டு. அதைத் தாண்டி ரொட்டோண்டா என்ற பழைய வட்டத் தேவாலயத்துக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒரு குரல் –

"ஆர்கிரி! பஸ்ஸு இல்லாம உன்னைப் பாக்கவே என்னமோ மாதிரி இருக்கு. கீழ்ப் பாதியைக் கழட்டி வச்சிட்டு வந்த மாதிரி!"

ஊரானியா. பதினைந்து வருடமாக என் பஸ்ஸில் வழிகாட்டியாக வருபவள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பத்துப் பேரைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்களை உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மேல பாரு. ஆயிரத்து அறுநூறு வருஷத்துத் தங்கம்."

பார்த்தேன். கையை விரித்து நிற்கும் புனிதர்கள், பின்னால் பொன் மாளிகைகள். ஒருவரைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவர் இல்லை. தலையைத் திருப்பினால் வருகிறார், முன்னவர் போய்விடுகிறார். கூரை முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியவில்லை. துண்டு துண்டாகத்தான்.

"கழுத்துல என்ன, சுளுக்கா? கோழி மாதிரி திருப்பித் திருப்பிப் பாக்குற."

"ஆமா, சுளுக்கு."

"சீசனுக்குள்ள சரி பண்ணிக்கோ. மெத்தேயோரா வளைவுல நான் தூங்கறது உன் வண்டியில மட்டும்தான். மத்தவன் ஓட்டினா எனக்குக் கண்ணு மூடாது."

இதை ஏன் சொன்னாள்? ஏதும் தெரிந்துதான் சொன்னாளா? தெரியாமல் சொன்னால் அது இன்னும் மோசம்.

அக்டோபரில் கலம்பாகா ரோட்டில் எதிரே வந்த லாரி பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அவன் ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டி வந்தான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அன்றைக்கு முன் இருக்கையில் ஊரானியா தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 15, வியாழன்.

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் மேல்நகரம் போனேன், கோட்டை மதில் வரை. பஸ் ஏற முடியாத சந்துகள், அதனால் எனக்குத் தெரியாத ஊர். மதில் மேல் பூனைகள், துணி காயப்போட்ட பால்கனிகள், கீழே கடல் முழுக்க வெயில். சந்தோஷமாகக் கூட இருந்தது. இறங்கும்போது குறுக்கே ஒரு கல்படிக்கட்டைப் பிடித்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன்.

ஏதோ இடித்தது. என் முழங்காலில், இடப்பக்கம். பிறகு ஒரு அலறல்.

சின்னப் பெண். ஐந்து வயது இருக்கும். சிவப்புக் கோட்டு. இடப்பக்கத்து வாசலிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். நான் அவளைத் தள்ளிவிட்டிருக்கிறேன். நான்கு படி உருண்டு கிடந்தாள். தாடை பிளந்து ரத்தம்.

அம்மாக்காரி பறந்து வந்தாள். "நேரா அவ மேலயே போறீங்களே! சிவப்புக் கோட்டு போட்டிருக்கா! குருடா நீங்க?"

"ஆமா," என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் ஒரு நிமிடம் திகைத்தாள். குரல் இறங்கியது. "மன்னிச்சுக்கங்க... எனக்குத் தெரியல. அப்ப ஏன் தனியா வந்தீங்க? கோலு எங்க?"

"கோல் இல்ல. இடப்பக்கம் மட்டும்தான் தெரியாது. நான் பஸ் டிரைவர்."

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அந்த ஒரு அடி –

ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினாள். என் பெயர் கூடக் கேட்கவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கல்லில் ரத்தம் காய்ந்து கறுத்தது.

பிப்ரவரி 16.

நாலு தையலா, அஞ்சா? பல்லுக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது. தலையில அடிபட்டிருந்தா?

பிப்ரவரி 17, சனி.

புரோத்ரோமோஸுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கருவி, கறுப்புத் தாள், டாக்டர் சொன்னது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்கு. உங்களுக்கு."

"அப்ப விடு. டிரைவர் கிடைக்காம நானே நாய் படாத பாடு படறேன். மலை ரூட்டை நம்ம டிரைவர் மில்தியாதிஸுக்குக் குடுத்துடறேன். நீ நேர் ரோட்டுல மட்டும் ஓட்டு, ஏர்போர்ட்டுக்குப் போ, வா. அக்டோபர் வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். முப்பது வருஷ அனுபவம்ப்பா உனக்கு. பாதிக் கண்ணோட ஓட்டினாலும் மத்தவனை விட நல்லா ஓட்டுவ."

போனை வைத்ததும் மூச்சு விட்டேன். அப்பாடா என்று இருந்தது. அப்பாடா! பசித்தது கூட. கபானி சந்தைக்குள் போய் ஒரு தட்டுப் பொரித்த மீன் சாப்பிட்டேன். பாதி சாப்பிடும்போது கவனித்தேன், தட்டின் இடப்பக்கத்து மீனையெல்லாம் தொடவே இல்லை. பரிமாறிய பெண் கேட்டாள்: "அது நல்லா இல்லையா, ஐயா?"

பிப்ரவரி 18, ஞாயிறு.

நேர் ரோடுதானே? நேர் ரோட்டில் யாரும் குறுக்கே வர மாட்டார்களா? ஏர்போர்ட் வாசலில் குழந்தைகள் இல்லையா?

இன்று எனக்கு நானே பரீட்சை வைத்தேன். கடலோரத்தில் ஒரு விளக்குக் கம்பத்துக்கு எதிரே நின்றேன். பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு அப்பால் சாலையைப் பார்ப்பதுபோல் கம்பத்தையே பார்ப்பது, தலையைத் திருப்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, ஊரே நடக்கிறது. என் இடப்பக்கத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கண்ணால் எண்ண வேண்டும். முதலில் காலடிச் சத்தம் கேட்கும், பேச்சு கேட்கும், தள்ளுவண்டிச் சக்கரம் கேட்கும். ஆள் இல்லை. ஆள் இல்லை. திடீரென்று மூக்குக்கு நேரே ஒரு முதுகு.

பத்துப் பேரில் ஏழு பேர் இப்படி வந்தார்கள். ஒரு தள்ளுவண்டியும்.

அழுதேன். தலையைத் திருப்பாமல் நின்றதால் யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

பிப்ரவரி 19, திங்கள்.

தபால் நிலையம் திறக்கும் முன்பே போய் நின்றேன். டாக்டர் தந்த தாளின் நகலோடு புரோத்ரோமோஸுக்குப் பதிவுத் தபால். "இன்று முதல் நான் உங்கள் எந்த வண்டியையும் ஓட்ட மாட்டேன்" – ஒரே வரி. போனில் சொன்னால் அவர் மறந்துவிடலாம். கையெழுத்துப் போட்டு வாங்கிய தாளை மறக்க முடியாது. ஊரானியாவுக்குப் போன் செய்தேன். அக்டோபரில் லாரிக்காரன் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்றேன்.  "அதை அவன்கிட்டயும் சொல்லணும், ஆர்கிரி," என்றாள். லாரி எந்தக் கம்பெனி என்று அவளுக்கு நினைவிருந்தது. அங்கேயும் எழுதிப் போட்டேன்.

பிறகு லூகியா. இதுதான் கஷ்டம். கண்ணைப் பற்றிச் சொன்னேன். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம்.

"எத்தனை வாரமாத் தெரியும்?"

"நாலு."

"நாலு வாரம்," என்றாள். வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 20.

போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். எட்டு முறை.

பிப்ரவரி 21, புதன்.

தெயானோவிடமிருந்து செய்தி: அம்மா விமானத்தில் இருக்கிறாள், சலோனிக்கியில் இறங்குகிறாள்.

ஏர்போர்ட்டில் என்னைத் தாண்டி நடந்து போனாள். டாக்ஸியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அறைக்கு வந்து பையை வைத்த பிறகுதான் வெடித்தது.

"ஜனவரியில என்னை ஏர்போர்ட்டுக்கு நீதான் கொண்டு வந்து விட்ட! டாக்டர்கிட்ட போயிட்டு வந்த மறுநாளு! மூணு மணி நேரம், வாயத் திறக்கல. கோடையில தெயானோ குழந்தையோட வர்றா. அந்தப் பச்சைப் புள்ளையையும் ஏத்திட்டுப் போயிருப்ப, இல்ல?"

 போயிருப்பேன். அதுதான் உண்மை.

"கண்ணு போறது உன் தப்பு இல்ல, ஆர்கிரி. அதுக்காக நான் கத்தலை."

மேல்நகரத்துப் பெண் குழந்தையைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 22, வியாழன்.

இருவருமாக மேல்நகரம் போனோம். அந்தப் படிக்கட்டு, அந்த வாசல். லூகியாதான் தட்டினாள். சிவப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. மூன்று தையல், பல்லுக்கு ஒன்றுமில்லை. குழந்தை பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினாள். அம்மாக்காரி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "பஸ்ஸு?" என்று மட்டும் கேட்டாள்.

"விட்டுட்டேன்," என்றேன்.

தலையை அசைத்தாள். கதவைச் சாத்தினாள், மெதுவாகத்தான்.

மார்ச் 1, வெள்ளி. திரிகலா.

லைசென்ஸைத் திங்கட்கிழமை ஒப்படைத்தேன். அதை வாங்கிக்கொண்ட பெண் நிமிர்ந்து கூடப் பார்க்கவில்லை. ரசீது கொடுத்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். புரோத்ரோமோஸ் பேசுவதில்லை.

காலை எட்டரைக்கு என் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டியது. மில்தியாதிஸ் ஓட்டினான். கியரைச் சரியாக மாற்றினான்.  லூகியா அடுக்களையிலிருந்து வந்து என் கோட்டு ஒன்றை எடுத்து என் மேல் போட்டாள்.

"வா. நம்ம ஊர்க் கோட்டைக்கு நீ ஒரு நாளாவது ஏறிப் பாத்திருக்கியா?"

இல்லை. தெருவில் இறங்கியதும் என் வலப்பக்கம் நடந்தாள், எப்போதும்போல. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் நின்றாள். சுற்றி வந்து இடப்பக்கம் சேர்ந்துகொண்டாள். அவள் அங்கே இருப்பது தெரியவில்லை. முழங்கைக்குள் அவள் கை நுழைந்த பிறகுதான் தெரிந்தது. இன்னும் கோபம்தான், பிடியில் தெரிகிறது.

கோட்டைக்கு வந்ததும், "படி," என்றாள்.

ஏறினேன்.