விடுமுறை நாள்

20-9-1964, ஞாயிறு
இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இனி ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூப்பந்து மட்டை ஆணியில் தொங்குகிறது. சாயங்காலம் கால் தானாக மைதானத்துக்குத்தான் போகிறது. கோட்டுக்கு வெளியே நின்று பையன்களுக்குக் கத்துகிறேன். பந்து வெளியே விழும் என்று தெரிந்தால் ‘விடு’ என்பேன். அவர்களில் மீரான் சட்டென்று மட்டையை இறக்கிவிடுவான். ஐந்து வருஷப் பழக்கம்.

27-9-1964
திருச்சி வானொலியிலிருந்து ஒருவர் வந்தார். காந்தி ஜெயந்தியன்று நம்மூரில் நடக்கும் இறுதி ஆட்டத்தை நான் வர்ணிக்க வேண்டுமாம். நானா? ஒத்திகையில், “லீவு நாளு, அம்புட்டுக் கூட்டம்” என்று ஆரம்பித்தேன். “லீவு வேண்டாம் சூசைராஜ், விடுமுறைன்னு சொல்லுங்க. நடுவுல பேச்சை மட்டும் நிறுத்திராதீங்க” என்றார். வீடு முழுக்க விடுமுறை, விடுமுறை என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். என் மனைவிக்குச் சிரிப்பு தாளவில்லை.

1-10-1964
நாளை இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் மீரானை மில் அணியில் எடுப்பார்கள். மில்லில் வேலையும் உண்டு. இப்போது வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றத்திலிருந்து தப்பிப்பான். 

2-10-1964
தோற்றான். என்னால்.
இரண்டு பக்கமும் இருபத்தெட்டு. அடுத்த புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. பந்து உயர எழும்பி மீரானிடம் வருகிறது. பேச்சை நிறுத்தக் கூடாதே — “விடுமுறை நாள் என்பதால்” என்று ஆரம்பித்தேன். மைதானத்து ஓரம் டீக்கடை ரேடியோ என் பேச்சை அலறிக்கொண்டிருந்தது. என் குரலில் ‘விடு’ என்று கேட்டதும் மீரான் மட்டையை இறக்கினான். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தது.
லீவுன்னே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

5-10-1964
மீரான் மைதானத்துக்கு வரவில்லை.

11-10-1964
வந்தான். “வேணும்னு விடலைண்ணே. ஒங்க கொரல் கேட்டா கை தானா எறங்குது.” இனி மைக் பக்கமே போகமாட்டேன் என்றேன். “அது எதுக்குண்ணே? நல்லாப் பேசுறீங்கன்னு எங்கம்மாவே சொல்லுச்சு. அடுத்த தடவ நான் பாத்துக்கிறேன்” என்றான். எப்படி என்று சொல்லவில்லை.

2-5-1965, ஞாயிறு
மறுபடி இறுதி ஆட்டம், மறுபடி மைக்கில் நான். மீரான் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கினான்.  நான் பேச்சை நிறுத்தவில்லை.
ஜெயித்தான். மில் மேனேஜர் ஓடிவந்து கைகொடுத்தார். ஜில்லாவுக்கே கேட்கும்படி அவன் பெயரைச் சொன்னேன்.
வெளியே வந்து பஞ்சை உருவிப் போட்டுவிட்டு, “என்னண்ணே சொன்னீங்க? ஒண்ணும் கேக்கல” என்றான்.
டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்காரவைத்து, “லீவு நாளு, அம்புட்டுக் கூட்டம்” என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.